லாரி பேக்கரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், என்ன சொல்லலாம்?

கேட்டவர்: பொருநை வாசகி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் கணக்கு டீச்சர். எங்கள் பகுதி கிளை நூலகத்தில் மாதம் ஒரு கூட்டம் போடுகிறோம். இருபது பேர் வந்தால் அதிகம். ஏப்ரல் 1, குறைந்த செலவில் வீடு கட்டிக் கொடுத்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இறந்த நாள் என்பதால் இந்த முறை அவரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவாகி, பேசுகிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

குறிப்புகள் எடுத்துவிட்டேன். 1917 மார்ச் 2-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தார். கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்த குவேக்கர் மதப் பிரிவினரோடு சேர்ந்து ஆம்புலன்ஸ் படையில் சீனாவுக்குப் போனார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945-ல் இந்தியாவுக்கே வந்துவிட்டார். 1989-ல் குடியுரிமை, 1990-ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1-ல் திருவனந்தபுரத்தில் 90 வயதில் மறைந்தார்.

இதை அப்படியே வாசித்தால் பத்து நிமிடம் ஓடிவிடும். ஆனால் கேட்கிறவர்களுக்கு அந்த மனிதர் யார் என்றே தெரியாது. எங்கள் கூட்டத்துக்கு ரெண்டு சென்ட்ரிங் வேலைக்காரர்கள் வருகிறார்கள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வருகிறார், வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு விருதுப் பட்டியல் எதற்கு?

எனக்கு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. படித்த இடத்தில் எல்லாம் அவர் சிக்கனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு செங்கல்லைக்கூட வீணாக்க மாட்டாராம். அதே ஆட்கள் அவரைப் பெரிய தாராள மனசுக்காரர் என்றும் எழுதுகிறார்கள். இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தது? அவரை அறிந்தவர்களோ, அவர் முறையில் வேலை செய்தவர்களோ இருந்தால் சொல்லுங்கள். என் வார்த்தையில் இல்லாமல் உங்கள் வார்த்தையிலேயே வாசிக்கிறேன்.

பதில் 1: அடையாறு ரசிகன்

சென்னையில் இருந்து ஒரு சின்னத் தகவல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு உங்கள் ஆட்களில் யாராவது போயிருப்பார்கள். 1996-ல் திறந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரத்தில் இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வளாகத்துக்கு வரைவு கொடுத்தவர் பேக்கர்தான். அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ் உடன் நின்று கட்டி முடித்தார். பேக்கர் என்றால் கேரளம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பயன்படும்.

பதில் 2: குழித்துறை கொத்தன்

மக்களே, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி என் மகள் வாசித்துக் காட்டினாள். சிக்கனமும் தாராளமும் எப்படி ஒரே ஆளிடம் என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி ரெண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேக்கரிடம் வேலை பார்த்தவன் இல்லை. அவரிடம் வேலை பார்த்த மேஸ்திரியிடம் வேலை படித்தவன். 1984-ல் எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொத்தன்மாரும் கையாட்களும் விடியும் முன்னே பஸ் ஏறி, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டின பிறகுதான் திரும்புவார்கள். 1956 வரைக்கும் நாங்களும் திருவிதாங்கூர்தானே, அந்தப் போக்குவரத்து விட்டுப் போகவில்லை. நான் கையாளாகச் சேர்ந்த மேஸ்திரி, எழுபதுகளின் தொடக்கத்தில் உள்ளூர் என்ற இடத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் கட்டியபோது அங்கே நின்றவர். (உள்ளூர் என்பது திருவனந்தபுரத்தில் ஒரு பகுதியின் பெயர். கூட்டத்தில் வாசிக்கும்போது குழப்பம் வரும், விளக்கிவிடுங்கள்.) பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் தொடங்கிய நிறுவனம் அது. மேஸ்திரி பேக்கரைச் சாயிப்பு (வெள்ளைக்காரத் துரை) என்றுதான் சொல்வார். வேறு பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

நான் படித்த முதல் பாடம் எலிப்பொறிக் கட்டு. உங்கள் சென்ட்ரிங் ஆட்களுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்காக விளக்குகிறேன்.

நாம் வழக்கமாக 9 அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவோம். எலிப்பொறிக் கட்டில் கல்லை விளிம்பில் நிறுத்த வேண்டும். கல்லின் கனம் 3 அங்குலம். வெளிமுகத்துக்கு ஒரு கல், உள்முகத்துக்கு ஒரு கல், நடுவில் 3 அங்குலம் வெறும் இடம். அப்புறம் ஒரு கல்லைக் குறுக்கே நிறுத்தி ரெண்டையும் பிணைக்க வேண்டும். சுவர் அதே 9 அங்குலம்தான். மேலே இருந்து பார்த்தால் சின்னச் சின்னப் பெட்டிகளாக வரிசையாகத் தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே காற்று அடைந்து நிற்பதால் வெயில் சூடு அறைக்குள் இறங்க நேரமாகும். வீட்டு மூலை, கதவு ஜன்னல் ஓரம், அடி வரிசை, மேல் வரிசை, இங்கெல்லாம் மட்டும் காலியிடம் விடாமல் கட்ட வேண்டும்.

மேஸ்திரி கையில் எப்போதும் ஒரு பலகைத் துண்டு இருக்கும். சரியாக 3 அங்குல அகலம், இழைத்து வழுவழுப்பாக வைத்திருப்பார். சாந்து போடும்போது அந்தக் காலியிடத்தை அந்தப் பலகையால் மூடிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் சாந்து உள்ளே விழாது. கரண்டி பிடித்த புதிதில் எனக்குப் பொறுமை போதவில்லை. பலகையை ஒவ்வொரு முறையும் எடுத்து நகர்த்தி வைப்பதற்குச் சோம்பல்பட்டு, கண்மதிப்பில் சாந்தை அள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். வெளியே இருந்து பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மேஸ்திரி வந்து மேலே இருந்து குனிந்து பார்த்தார். குழிக்குள் பாதி வரைக்கும் சாந்து. நாலு வரிசையையும் பிரிக்கச் சொன்னார். ஈரம் காயவில்லை, அதனால் கல் உடையாமல் வந்தது. ஒவ்வொரு கல்லாகச் சுரண்டிச் சுத்தம் பண்ணி அடுக்கி வைத்தேன். அப்போது அவர் கேட்டது, "இது யார் வீட்டுச் சாந்துடே? அந்தம்மா வளையலை வெச்சு வாங்கின பைசா."

மக்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. பேக்கர் சிக்கனம் பார்த்தது வீட்டுக்காரர் காசில். தன்னுடைய நேரத்தை அவர் அப்படி எண்ணி எண்ணிச் செலவு செய்ததில்லை. பெரிய ஆபீஸ் வைத்துக்கொள்ளவில்லை. பழைய தாளின் பின்பக்கத்திலும் கிழித்த உறையிலும் படம் வரைவார், அப்புறம் தானே தளத்துக்கு வந்து கொத்தன்மாரோடு நின்று கட்டுவார். எங்கள் தொழிலில் வரைபடம் போடுகிறவர்களுக்கு மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுவது வழக்கம். வீட்டுச் செலவு ஏற ஏற அவர்கள் வரும்படியும் ஏறும். அந்தத் தொழிலில் இருந்துகொண்டு செலவைப் பாதியாகக் குறைக்க வழி தேடிக்கொண்டே இருந்த மனுஷன் அவர். யோசித்துப் பாருங்கள்.

கண்டுபிடித்ததை ஒளித்தும் வைக்கவில்லை. எப்படிச் செலவு குறைப்பது, மண்ணில் எப்படிக் கட்டுவது என்று தன் கையாலேயே படம் போட்டு, தன் கையெழுத்திலேயே சின்னச் சின்னப் புத்தகமாக எழுதினார். எழுத்து ரொம்பத் தெரியாதவனுக்கும் படம் பார்த்தால் புரியும். மேஸ்திரியிடம் ஒன்று இருந்தது, சுண்ணாம்புக் கறையோடு. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தில் விரல் வைத்துத்தான் எனக்கு வளைவு கட்டச் சொல்லித் தந்தார். வளைவு கட்டினால் ஜன்னலுக்கு மேலே கம்பி போட்ட லிண்டல் தேவையில்லை, அந்தக் கம்பியும் சிமெண்டும் மிச்சம்.

நீங்கள் கணக்கு டீச்சர், அதனால் இதையும் சொல்கிறேன். அவர் வீடுகளில் வட்டச் சுவர் நிறைய இருக்கும். அழகுக்குச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். 400 சதுர அடி அறையைச் சதுரமாகக் கட்டினால் சுற்றுச்சுவர் 80 அடி. அதே 400 சதுர அடியை வட்டமாகக் கட்டினால் 71 அடியில் முடிந்துவிடும். ஒன்பது அடிச் சுவருக்கான கல்லும் சாந்தும் கூலியும் மிச்சம். கூட்டத்தில் போர்டில் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று, ஒரு தாளை மேசை மேல் நிறுத்திப் பாருங்கள், விழும். அதையே வளைத்து வளைத்து நிறுத்தினால் நிற்கும். உள்ளூர் வளாகத்தில் நெளிந்து நெளிந்து போகிற மதில் சுவர் ஒன்று இருக்கிறது, அதுவும் அதே கதைதான். நேராகக் கட்டியிருந்தால் கனமும் தூணும் வேண்டியிருக்கும். பாம்பு மாதிரி வளைந்து போவதால் மெல்லிசாகவே நிற்கிறது.

மேல்தளத்தையும் விடவில்லை. கான்கிரீட் தளத்தில் கீழ்ப்பாதி கான்கிரீட் இழுவிசை தாங்கும் வேலை எதுவும் செய்வதில்லை, அங்கே பாடுபடுவது கம்பிதான். அதனால் கம்பிச் சட்டத்துக்கு இடையில் இடித்த வீட்டின் பழைய மங்களூர் ஓடுகளை ரெண்டு ரெண்டாகக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் போடுவோம். கீழே இருந்து பார்த்தால் ஓடு வரிசையாகச் சிவப்பாகத் தெரியும். ஓட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பதுதான் என் முதல் வருஷ வேலை. ஊறாத ஓடு கான்கிரீட்டின் ஈரத்தைக் குடித்துவிடும்.

இப்படி மிச்சமான காசு எங்கே போகும்? எங்களுக்கு வரும். இது முக்கியம், இதை விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டு எல்லாம் கைவேலை. சிமெண்டும் கம்பியும் குறையும், கொத்தன் நாள் கூடும். சிமெண்டுக்குக் கொடுக்கிற காசு ஊரைவிட்டு எங்கோ போய்விடுகிறது, கொத்தனுக்குக் கொடுக்கிற காசு அதே சந்தையில் மீனும் மரச்சீனியும் வாங்கும். பேக்கர் தெரிந்தேதான் அப்படிக் கட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எத்தனை அடுப்பு அந்தக் கூலியில் எரிந்தது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு அடுப்பும் அதில் ஒன்று.

வீட்டுக்காரர்களிலும் பெரிய ஆள் சின்ன ஆள் பார்த்ததில்லை. பூந்துறையில் மீனவர்களுக்குக் கட்டினார், செங்கல்சூளை என்ற சேரியில் கட்டினார், பேராசிரியர்களுக்கும் கட்டினார். எல்லா இடத்திலும் அதே பூசாத செங்கல், காற்றுக்கு ஓட்டை விட்ட அதே சுவர். ஏழைக்கு ஒரு மாதிரி, பணக்காரனுக்கு ஒரு மாதிரி என்று அவரிடம் இல்லை. பேராசிரியர் வீட்டுக்கு நல்லதென்றால் வலைக்காரன் வீட்டுக்கும் அதுவே நல்லது.

திருவனந்தபுரம் போனால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி குடியுங்கள். சிவப்புச் செங்கல்லில் கோபுரம் மாதிரி உருளையாக நிற்கும். உள்ளே படி கிடையாது. சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறிக்கொண்டே போக வேண்டும், சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டிவிட்டிருக்கிறார்கள். கொத்தன் கண்ணால் பாருங்கள். தரை ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு மேசையும் மட்டத்தில் நிற்கிறது, காபி ஒரு பக்கம் சாயாது. சுவரில் விட்ட ஓட்டை வழியே காற்று வரும். எத்தனையோ காலை அங்கே குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையைச் சுவரில் வைத்துத் தடவாமல் இறங்கினதில்லை.

1996-ல் என் அம்மாவுக்கு வீடு கட்டினேன். ரெண்டு அறை, ஒரு திண்ணை, எலிப்பொறிச் சுவர், ஓடு பதித்த தளம். மேற்குச் சுவரில் ஜன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டு அடுக்கின கல். சொந்தக்காரர்கள் வந்தால் "எப்போ பூசப் போறே?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கும் முதலில் வருத்தம்தான், பாதியில் நிறுத்தின வீடு மாதிரி இருக்கிறது என்று. சித்திரை மாதம் வந்தது. மத்தியானம் மூணு மணிக்கு ஜாலி வழியாக வெளிச்சம் தரையில் சின்னச் சின்னக் கட்டமாக விழும். அம்மா முறத்தோடு அந்த இடத்தில்தான் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். வெளிச்சக் கட்டம் நகர நகர அவளும் நகர்ந்து உட்காருவாள். அப்புறம் பூச்சு பற்றி அவள் பேசவே இல்லை.

2007-ல் அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை தளத்தில்தான் எங்களுக்குத் தெரியும். மேஸ்திரிக்கு அப்போது வயதாகிவிட்டது, கரண்டி பிடிப்பதில்லை, சும்மா வந்து உட்கார்ந்து பார்ப்பார். சேதி சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து என் கையில் இருந்த கரண்டியை வாங்கி, அந்த வரிசையில் முதல் கல்லை அவரே வைத்தார். பலகையைச் சரியாக நகர்த்தி, சாந்து ஒரு துளி உள்ளே விழாமல்.

அந்தப் பலகை இப்போது என்னிடம் இருக்கிறது.

பதில் 3: ஓய்வு பெற்ற செவிலி

கொத்தன் ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் வேறு பக்கத்தில் இருந்து ஒன்று சேர்க்கிறேன். இளவயதில் வேலூர் பக்கத்தில் காரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவள் நான்.

பேக்கர் 1945-ல் இந்தியாவுக்கு வந்தது வீடு கட்ட இல்லை. தொழுநோயாளிகளுக்காக வேலை செய்த மிஷனுக்குக் கட்டடக்காரராக வந்தார். அந்தக் காலத்துத் தொழுநோய் விடுதி என்றால் ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர் போட்டு ஆட்களை அடைத்து வைக்கிற இடம். நாற்பதுகளில்தான் சல்போன் மருந்துகள் வந்தன. நோய் குணமாகும் என்று ஆனதும், அடைத்து வைக்கிற இடங்களைச் சிகிச்சை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிற மருத்துவமனைகளாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தைச் செங்கல்லில் செய்ய வந்தவர் அவர். நோயாளியின் கையைத் தொட ஊரே பயந்த காலம் அது. நான் பணியில் சேர்ந்தபோதுகூட என் வீட்டில் என் தட்டைத் தனியாக வைத்தார்கள்.

இன்னொன்று, டாக்டர் எலிசபெத்தை மறந்துவிடாதீர்கள். கேரளத்தைச் சேர்ந்தவர். 1948-ல் ரெண்டு பேருக்கும் கல்யாணம். இமயமலைப் பக்கம் பித்தோராகர் என்ற ஊருக்குப் போனார்கள், வைத்தியம் கேட்டு மலை ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள், அங்கேயே சுமார் 15 வருஷம் தங்கிவிட்டார்கள். மருத்துவம் அவர் பார்க்க, மருத்துவமனையை இவர் கட்டினார். சீனாவில் ஆம்புலன்ஸ் படையில் இருந்தபோது மயக்க மருந்து கொடுக்கப் பழகியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கும் உதவியாக நின்றார். கல்லும் மரமும் மண்ணும் கொண்டு மலைக்காரர்கள் எப்படி வீடு கட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் தான் படித்த படிப்பை மறுபடி படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1963-ல் கேரளத்தில் வாகமண், அதன் பிறகுதான் திருவனந்தபுரம்.

காந்தி கதையையும் சொல்லுங்கள். பேக்கர் துணித் துண்டுகளால் தானே செய்த செருப்பைப் போட்டிருந்தார், காந்தியின் கண் அதில்தான் முதலில் விழுந்தது. ஒரு கிராமத்து வீட்டை ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருளைக் கொண்டே கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னது அவருக்கு ஆயுசு முழுக்க மறக்கவில்லை.

பதில் 4: பாளை வீட்டுக்காரர்

மன்னிக்கணும், எல்லாரும் உருகி எழுதும்போது இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஆசைப்பட்டு அந்த முறையில் வீடு கட்டியவன் நான். கடன் கேட்டுப் போன இடத்தில் "உள்ளே காலியான சுவருக்குக் கடன் தர முடியாது" என்று ஆறு மாதம் இழுத்தடித்தார்கள். கட்டியது உள்ளூர் ஆட்கள், யாருக்கும் பழக்கம் இல்லை, கல் மிச்சமானதைவிடக் கூலி கூடிவிட்டது. மூணாவது மழைக்காலத்தில் மேற்குச் சுவர் முழுக்கப் பாசி, உள்பக்கம் ஈரம். நல்ல மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் முறை எல்லா ஊருக்கும் ஒத்து வருமா?

பதில் 5: குழித்துறை கொத்தன்

ஐயா, நீங்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. மன்னிப்பு எதற்கு?

உங்கள் வீட்டுத் தளம் சுவரைவிட எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது? ஒரு அடிக்கும் குறைவாக இருந்தால் பாசிக்குக் காரணம் அதுதான். பூசாத சுவருக்குக் குடை வேண்டும். ரெண்டு அடியாவது இறவாரம் இறங்க வேண்டும். அதை வைக்காமல் சுவரை மட்டும் பார்த்துக் கட்டியிருப்பார்கள். இன்னொன்று கல். நன்றாக வெந்த கல்லைத் தட்டினால் கணீர் என்று சத்தம் வரும், விளிம்பு நேராக இருக்கும். வேகாத கல்லும் கோணல் கல்லும் பூசுகிற சுவரில் மறைந்துவிடும், இதில் மறையாது, தண்ணீரையும் குடிக்கும். இப்போதைக்கு மேற்குச் சுவருக்கு மட்டும் ஓடு போட்டுச் சாய்ப்பு இறக்குங்கள். பாசியைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் காய்ந்த வெயிலில் தேய்த்துவிட்டு ரெண்டு கோட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். உள்ளே ஈரம் இறங்குவது நின்றுவிடும்.

எல்லா ஊருக்கும் ஒத்து வருமா என்றால், வராது. அவர் ஒரு ஊரில் கட்டின மாதிரியே இன்னொரு ஊரில் கட்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு அங்கே இருக்கிற கல்லையே வைத்து எப்படித் திரும்பக் கட்டலாம் என்று யோசித்தவர் அவர். பாளையங்கோட்டையில் கட்டியிருந்தால் பாளையங்கோட்டை மண்ணையும் மழையையும் முதலில் பார்த்திருப்பார். உங்களுக்கு அமைந்த ஆட்கள் படத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், இடத்தைப் பார்க்கவில்லை. பழகாத கைக்கு நாள் அதிகமாகும், அதுவும் உண்மை. அதற்காகத்தான் 1985-ல் அச்சுத மேனன், கே. என். ராஜ், சந்திரதத் இவர்களோடு சேர்ந்து பேக்கர் திருச்சூரில் காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார், கொத்தன்மாரைப் பழக்க. கேரள முதலமைச்சராக இருந்த அச்சுத மேனன் அதற்குப் பின் செங்கல் பற்றி யோசித்தார் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம்.

கடன் விஷயத்தில் எனக்கும் அதே அனுபவம் உண்டு. அம்மா வீட்டுக்குக் கடைசியில் கடன் வாங்காமல்தான் கட்டினேன், அதனால் மூணு வருஷம் ஆனது.

கேட்டவர்: பொருநை வாசகி

அண்ணாச்சி, நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியவில்லை. செவிலி அம்மாவுக்கும், பாளை சாருக்கும், சென்னை நண்பருக்கும்கூட. குறிப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா முறத்தோடு நகர்ந்து உட்கார்ந்ததைச் சொல்லித் தொடங்கப் போகிறேன். வட்டத்தையும் சதுரத்தையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நேற்றே போட்டுவிட்டேன். "அப்புறம் ஏன் டீச்சர் நம்ம வீடு எல்லாம் சதுரமா இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். கட்டில் எங்கே போடுவாய் என்று கேட்டேன், அதற்கு அவள் வளைந்த கட்டில் படம் வரைந்து காட்டிவிட்டாள்.

ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கு நீங்களே வர முடியுமா? சென்ட்ரிங் அண்ணன்கள் ரெண்டு பேரும் அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

குழித்துறை கொத்தன்

வருகிறேன் மக்களே. காலையில் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவிலில் மாறினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். மைக் எல்லாம் வேண்டாம், எனக்குப் பேச வராது. கட்டிக் காட்டுகிறேன்.

இருபது செங்கல் வேண்டும். ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள், சத்தம் நன்றாக வர வேண்டும். கொஞ்சம் சலித்த மண், சிமெண்ட் வேண்டாம், மண் சாந்தே போதும், முடிந்ததும் பிரித்துக் கழுவிக் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கல்லை முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் போட்டு வையுங்கள். பலகை நான் கொண்டு வருகிறேன். அந்த வளைந்த கட்டில் வரைந்த பிள்ளையையும் வரச் சொல்லுங்கள், அவள் கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்ப்போம்.